கியர் போனால் கியர் மட்டும்தானா?

பழைய வண்டி ஒன்றில் இரண்டாவது கியரின் பல் உடைந்துவிட்டது என்று வையுங்கள். மெக்கானிக் கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் வண்டிக்காரர் வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி, "கியர் என்ன வெலைண்ணே?" என்பதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மொத்த விவகாரத்திலும் உபயோகமே இல்லாத கேள்வி அதுதான். கியரின் விலை இந்தக் கணக்கில் ஒரு மூலையில் கிடக்கிற சின்ன எண். பில்லை முடிவு செய்வது அந்தக் கியர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் கியர் பாக்ஸ் தனி வீடு. இன்ஜின் ஒரு பக்கம், அதற்குப் பின்னால் தன் சொந்த ஆயிலோடு கியர் பாக்ஸ் தனியாக. 2000-களின் கடைசியில் இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்த புது இன்ஜின் வரும்வரை புல்லட் இப்படித்தான் இருந்தது. கியர் போனால் இன்ஜினைத் தொடாமலேயே கியர் பாக்ஸைத் திறக்கலாம். பிஸ்டனுக்குச் செய்தியே போகாது.

ஆர்எக்ஸ் 100 அப்படி இல்லை. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன அந்த 98 சிசி வண்டியில் கிராங்கும் கியரும் ஒரே சேம்பருக்குள் குடித்தனம். சேம்பர் இடது, வலது என்று இரண்டு பாதியாகப் பிரியும். ஒரே ஒரு கியரை மாற்றவேண்டும் என்றாலும் இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்கி, ஹெட், பிளாக், பிஸ்டன், மேக்னட், கிளட்ச் எல்லாவற்றையும் கழற்றினால்தான் சேம்பர் பிரியும். ஒரு ஆறுதல் உண்டு. டூ ஸ்ட்ரோக் என்பதால் கிராங்கு பேரிங்குக்கு பெட்ரோலோடு போகிற 2டி ஆயில், கியருக்குத் தனி ஆயில். நடுவில் ஆயில் சீல். உடைந்த பல்லின் தூள் கிராங்கு பக்கம் போகாது.

ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளில் அந்த ஆறுதலும் கிடையாது. 1994-ல் வந்த அந்த 97.2 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் ஒரே சேம்பர்தான், கூடவே ஒரே ஆயில். கியரை நனைக்கிற அதே ஆயில்தான் கிளட்ச்சையும் நனைத்து, பம்ப் வழியாக கிராங்குக்கும் மேலே ஹெட்டுக்கும் போகிறது. வலையும் சுழல் ஃபில்டரும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வலையில் மாட்டுவது பெரிய துண்டுதான். நொறுங்கிய இரும்புத் தூள் எங்கெங்கே போய் உட்கார்ந்தது என்பது திறந்து பார்க்கிறவருக்கே முழுசாகத் தெரியாது.

ஆக, ஒரே மாதிரி உடைந்த பல்தான். புல்லட்டில் அது கியர் பாக்ஸ் பிரச்சினை, ஆர்எக்ஸில் இன்ஜினை இறக்கவைக்கிற பிரச்சினை, ஸ்ப்ளெண்டரில் இன்ஜின் பிரச்சினையே. ரோட்டில் நம் கண் முன்னால் ஓடுகிற நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்றாவது வகை.

சரி, "இரண்டாவது கியர் நழுவுது, பரவாயில்லை, முதல் கியரிலிருந்து நேரா மூணுக்குப் போயிடறேன்" என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லியாகவேண்டும். பைக் கியர் பாக்ஸில் எல்லா கியர்களும் எப்போதும் ஜோடி ஜோடியாகப் பல்லோடு பல் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. கியர் போடும்போது பல் வந்து பல்லில் சேர்வதில்லை. கியரின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற முட்டுகள் பக்கத்து கியரின் பள்ளத்தில் போய் மாட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். அந்த முட்டுகளின் முனை மழுங்கினால் கியர் நழுவும். ஆனால் பல்லே உடைந்திருந்தால் இரண்டாவது கியரைப் போடாமல் ஓட்டினாலும் அந்த உடைந்த ஜோடி உள்ளே சுற்றிக்கொண்டேதான் இருக்கும். "நான்தான் அந்த கியரையே யூஸ் பண்றதில்லையே" என்பது நமக்கு. கியர் பாக்ஸுக்கு அது தெரியாது.

அந்தப் பல் துண்டு எங்காவது இரண்டு கியருக்கு நடுவில் போய்ச் சிக்கினால்? டூ ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு தற்காப்பு தெரியும். பிஸ்டன் ஜாம் ஆகிற மாதிரி தெரிந்தால் சட்டென்று கிளட்ச்சைப் பிடித்துவிடுவார்கள். இன்ஜின் நின்றாலும் சக்கரம் சுற்றும், வண்டி உருண்டு போய் ஓரமாக நிற்கும். கியர் பாக்ஸ் ஜாம் ஆனால் இந்த வித்தை பலிக்காது. கிளட்ச் இருப்பது இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில். கியருக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் செயின். சிக்கியது கியர் என்றால் கிளட்ச்சைப் பிடித்தாலும் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் தண்ணீர் லாரி வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. பல் உடைந்தது தெரிந்த பிறகு அந்த வண்டியை ஓட்டக்கூடாது. கடைக்குக்கூட தள்ளிக்கொண்டோ ஆட்டோவில் ஏற்றியோதான் போகவேண்டும். இதில் மட்டும் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

இனி காசு விஷயம்.

சேம்பரைப் பிரித்தாயிற்று. மேஜையில் எல்லாம் பரத்திக் கிடக்கிறது. இங்கேதான் இரண்டு கட்சிகள். ஒரு கட்சி, "கியரை மட்டும் போட்டு மூடுங்க" என்கிறது. இன்னொரு கட்சி, "பிரிச்சதுதான் பிரிச்சோம், ஃபுல் இன்ஜின் வேலை பண்ணிடலாம்" என்கிறது. பெஞ்சில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்துகொள்வார்கள். இரண்டுமே தப்பு.

பிரித்த இன்ஜினில் இருக்கிற பாகங்களை இரண்டு குவியலாகப் பிரிக்கலாம். சேம்பரைப் பிரித்தால் மட்டுமே கை போகக்கூடியவை ஒரு குவியல்: கியர்கள், கியரைத் தள்ளுகிற ஃபோர்க், ஃபோர்க்கை நகர்த்துகிற டிரம், இரண்டு ஷாஃப்ட்டின் உள் பேரிங்குகள், கிராங்கு பேரிங், கனெக்டிங் ராட். பிரிக்காமலே பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை இன்னொரு குவியல்: பிஸ்டன், ரிங், போர், வால்வு, கிளட்ச் பிளேட், டைமிங் செயின், செயின் ஸ்ப்ராக்கெட். முதல் குவியலில் சந்தேகம் வந்தாலே மாற்றிவிடவேண்டும். இரண்டாவது குவியலில் அளந்து பார்த்து, அளவு தாண்டியிருந்தால் மட்டும் மாற்றவேண்டும். இல்லையென்றால் அப்படியே திரும்பப் போடலாம்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. எண்கள் சும்மா கணக்குக்காகப் போட்டவை, ஊருக்கு ஊர் மாறும். பிரித்துச் சேர்க்கக் கூலி 4,000. கியர் ஜோடி 1,500. பேரிங், சீல், ஃபோர்க் எல்லாம் சேர்த்து 2,500. கியரை மட்டும் போட்டு மூடினால் 5,500. எல்லாம் போட்டால் 8,000. முதலில் 2,500 மிச்சம் மாதிரி தெரிகிறது. ஆறு மாதம் கழித்து உள்ளே பழைய பேரிங் கத்த ஆரம்பித்தால் மறுபடி 4,000 கூலி, 2,500 சாமான். மொத்தம் 12,000. மிச்சம் பிடித்த 2,500 போய், மேலே 4,000 தண்டம். பேக்கிங், ஆயில், வண்டி இல்லாத நாட்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புது விஷயமே அல்ல. இன்ஜினைப் பிரிக்கிற கூலி எல்லா பாகத்துக்கும் பொதுச் செலவு. ஒரு தடவை கொடுத்தாயிற்று என்றால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பேரிங்குக்கும் ஆகிற கூடுதல் செலவு அந்த பேரிங்கின் விலை மட்டும்தான். இரண்டாவது குவியலுக்கு அந்தச் சலுகை கிடையாது. போரையும் பிஸ்டனையும் பிறகு மாற்ற சேம்பரைப் பிரிக்கவே வேண்டாம், கூலியும் குறைவு. இன்னும் இரண்டு வருஷம் ஓடக்கூடிய பிஸ்டனை இன்றைக்கே தூக்கிப்போடுவது அந்த இரண்டு வருஷத்தையும் சேர்த்துத் தூக்கிப்போடுவதுதான்.

நடைமுறையில் நடப்பதோ தலைகீழ். "போர் போட்டாச்சு, புது பிஸ்டன்" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறது. விற்கும்போதும் அதைத்தான் சொல்வார்கள். "ஷாஃப்ட் பேரிங் மாத்தியாச்சு" என்று சொல்லி வண்டி விற்றவர் உலகத்தில் யாருமில்லை. அதனால் காசு கண்ணுக்குத் தெரிகிற பிஸ்டனுக்குப் போகிறது, உள்ளே உட்கார்ந்திருக்கிற பேரிங் பழையதாகவே மூடப்படுகிறது. :-)

பிளஸ் ஒன் அக்கவுண்டன்சியில் ஒரு கேள்வி வரும். பழைய இயந்திரம் வாங்கி அதை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவர ஆன செலவு முதலினச் செலவு. ஓட ஆரம்பித்த பிறகு செய்கிற வழக்கமான பழுதுச் செலவு வருவாயினச் செலவு. பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண். நிஜ வாழ்க்கையில் இதன் அர்த்தம் என்னவென்றால், இருபத்தைந்தாயிரம் கொடுத்து ஒரு பழைய வண்டி வாங்கியவர் அந்த இருபத்தைந்தாயிரத்தை வண்டியின் விலை என்று நினைக்கக்கூடாது. ஒருதரம் திறந்து ஒழுங்கு பண்ணுகிற செலவையும் சேர்த்ததுதான் விலை. பேரம் பேசும்போதே அதை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் கியர் உடைந்த அன்று அதிர்ச்சி அடையமாட்டார். தேய்மானம் என்பது புத்தகத்தில் பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் என்று வருஷக் கடைசியில் எழுதுகிற ஒரு பதிவு. கியர் பாக்ஸில் அது ஆயிலோடு சேர்ந்து மினுமினுவென்று வடிகிறது.

அந்த மினுமினுப்பையும் சும்மா கொட்டிவிடக்கூடாது. ஒரு காந்தத்தை உள்ளே விட்டுப் பார்க்கலாம். ஒட்டினால் இரும்பு, அதாவது கியரோ பேரிங்கோ. வெள்ளியாக மின்னி ஒட்டாமல் இருந்தால் அலுமினியம், சேம்பரோ பிஸ்டனோ உரசியிருக்கிறது. மஞ்சளாக இருந்தால் எங்கோ ஒரு புஷ் தேய்கிறது. ஐந்து நிமிஷ வேலை. எந்தப் பக்கம் தேடவேண்டும் என்று அது சொல்லிவிடும்.

தேடத்தான் வேண்டும். செத்தது கியர், சரி. கொன்றது யார்? பல் தானாக உடைவது அபூர்வம். ஷாஃப்ட்டைத் தாங்குகிற பேரிங் தளர்ந்தால் ஷாஃப்ட் லேசாக விலகும், பற்கள் முழு அகலத்துக்கும் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் சுமை ஏறும். செயினை விறைப்பாக இழுத்துக் கட்டி ஓட்டினால் அந்த பேரிங் இன்னும் சீக்கிரம் போகும். கியர் லீவர்மேல் எப்போதும் காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் இருந்தால் ஃபோர்க் ஓயாமல் உரசித் தேயும். தேய்ந்த ஃபோர்க் கியரைப் பாதி வழிதான் தள்ளும். முட்டு நுனியில் மாட்டி, வழுக்கி, மறுபடி மாட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு அடி. இரண்டாவது கியருக்கு இந்த அடி அதிகம். முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்கிற வண்டிகளில் தாண்டவேண்டிய தூரம் அதிகம், சிட்டி டிராஃபிக்கில் நாள் முழுக்க ஏறி இறங்குகிற படியும் அதுதான். கிளட்ச் பிடிக்காமல் தட்டுகிறவர்கள், ஆயில் அளவு பார்க்காமலே வருஷம் ஓட்டுகிறவர்கள் பற்றித் தனியாகச் சொல்லவேண்டாம்.

தேய்ந்த ஃபோர்க்கையும் ஆடுகிற பேரிங்கையும் அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கியர் போட்டால் அதுவும் அதே வழியில் சாகும். "டூப்ளிகேட் கியர் போட்டுட்டான்" என்று மெக்கானிக்குக் கெட்ட பெயர் வேறு. ஃபோர்க்கின் நுனியைப் பார்த்தாலே தெரியும். உரசிச் சூடேறி நீலம் பாரித்திருந்தாலோ ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ அதற்கு ஆயுள் முடிந்தது.

கியரை ஒற்றையாக மாற்றுவதும் இதே ரகம்தான். ஜோடியில் ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றவேண்டும். பல வருஷம் ஒன்றோடு ஒன்று உரசித் தேய்ந்த பற்கள் அவை. புதுப் பல் பழைய பல்லின் தேய்மானத்துக்குள் சரியாக உட்காராது. முதலில் ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். "இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று கையில் வைத்துப் பார்த்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

அடுத்தது புதுப்பேட்டை. சென்னையில் வண்டி வைத்திருக்கிறவர்களுக்குப் புதுப்பேட்டையைத் தெரியாமல் இருக்காது. கழற்றிப்போட்ட வண்டிகளின் சாமான்கள் கடை கடையாகக் குவிந்து கிடக்கும். டேங்க், மட்கார்டு, ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட் என்று கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்லக்கூடிய சாமான்களுக்கு அது மாதிரி இடம் கிடையாது. உற்பத்தி நின்று முப்பது வருஷம் ஆகிவிட்ட ஆர்எக்ஸ் மாதிரி வண்டிகள் இன்னும் ரோட்டில் இருப்பதற்கு அந்த மாதிரிக் கடைகளும் ஒரு காரணம். ஆனால் பழைய கியர்? அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, உள்ளே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. மலிவு விலைதான். ஆனால் அந்த மலிவு சாமானை உள்ளே வைக்க ஆகிற கூலி மலிவு இல்லையே. முந்நூறு ரூபாய் மிச்சத்துக்காக நாலாயிரம் ரூபாய் கூலியைப் பணயம் வைப்பது சூதாட்டம்.

இன்னொரு குறுக்குவழி, கியரெல்லாம் வேண்டாம், முழு இன்ஜினையே பழையதாக வாங்கிப் போட்டுவிடுவது. ஒரு நாளில் வேலை முடியும், ஆசையாகத்தான் இருக்கும். இன்ஜின் நம்பர் சேம்பரில்தான் அடித்திருக்கிறது, ஆர்.சி.யில் இருப்பதும் அந்த நம்பர்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவுப்படி இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதியவேண்டும். பில் இல்லாமல் வாங்கிய இன்ஜினுக்கு எதைக் காட்டிப் பதிவது? அது திருட்டு வண்டியிலிருந்து வந்தது என்றால் பதில் சொல்லவேண்டியவர் கடைக்காரர் அல்ல, அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர். 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ்காரர் வண்டியைப் பார்க்க வரும்போதும் அந்த நம்பரைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

"இவ்வளவு பாடு எதுக்கு, புது வண்டி எடுத்துடலாமே" என்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. புது வண்டி விலை இறங்கியது உண்மை. உதிரி பாகங்களுக்கான வரியும் அதே நாளில் 18-க்கு வந்தது என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். எட்டாயிரம் ரூபாயில் முடிகிற வேலைக்குப் பதில் மூன்று வருஷ தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்வது எல்லோருக்கும் ஒத்துவராது. ஃபிரேம் வெல்டிங் விட்டுப்போன வண்டி, சேம்பரே விரிசல் விட்ட வண்டி என்றால் விட்டுவிடலாம். பல் உடைந்ததற்காக மட்டும் நல்ல வண்டியை இரும்புக் கடைக்குத் தள்ளுவது அநியாயம்.

இதையெல்லாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். "கியரை மட்டும் போட்டு மூடுங்க" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் கணக்குத் தெரியாமல் சொல்வதில்லை. சாப்பாடு டெலிவரி செய்கிறவருக்கு வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் சம்பளமில்லாத நாள். கையில் இருப்பது ஐயாயிரம், எட்டாயிரம் இல்லை. ஆறு மாதம் கழித்து வரப்போகிற நாலாயிரம் தண்டம் அவருக்கும் தெரியும். ஆனால் நாளைக்குக் காலையில் வண்டி வேண்டும். ஏழைக்குத்தான் எல்லாமே இரண்டு தடவை விலை என்பது இந்த மாதிரி இடத்தில்தான் நடக்கிறது. அவருக்கு உபதேசம் பண்ணுவதைவிட உபயோகமானது வேலையைத் தள்ளிப்போடும் வழி. இரண்டாவது குவியலில் ஒரு ரூபாய்கூடப் போடவேண்டாம். புகை வந்தாலும் வரட்டும், பிஸ்டன் பிறகு பார்க்கலாம். கிளட்ச் பிளேட் பழையதே இருக்கட்டும். அந்தக் காசு முழுவதையும் கியர் ஜோடி, பேரிங், ஃபோர்க், சீல் மேல் போடவேண்டும். மிச்சத்துக்கு மெக்கானிக்கிடம் தவணை கேட்கலாம். தினமும் பார்க்கிற வாடிக்கைக்காரருக்கு மறுக்கிற மெக்கானிக்குகள் குறைவு.

கனெக்டிங் ராட் விஷயத்தில் மட்டும் கடைசி நிமிஷத்தில் மனம் மாறக்கூடாது. ராடை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்கும்போது லேசாக "டிக்" என்று தட்டினால், அது முதல் குவியல் சாமான். லேத்தில் கொடுத்து கிராங்கைப் பிரித்து, புது ராட் கிட் போட்டு, ஓட்டம் நேராக இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்து வாங்கவேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்புதான். மேலும் கீழுமான ஆட்டம்தான் ஆபத்து. இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்திக் காசு பிடுங்குகிறவர்களும் உண்டு, அதனால் ஆட்டிக் காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

கூடவே நின்று பார்க்கவேண்டிய இடங்கள் இரண்டு. சேம்பரைப் பிரிக்கும்போது ஸ்க்ரூ டிரைவரைச் சந்தில் விட்டு நெம்பினால் பேக்கிங் உட்காருகிற முகத்தில் கீறல் விழும், பிறகு எத்தனை பேஸ்ட் தடவினாலும் ஆயில் கசியும். ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் தானே விடும். அதேபோல் புது பேரிங்கை அடித்து இறக்கக்கூடாது. சேம்பரைச் சூடு பண்ணினால் ஓட்டை விரியும், பேரிங் கையாலேயே உட்காரும். ஸ்ப்ளெண்டர் வகை என்றால் ஆயில் போகிற துளைகளையெல்லாம் பெட்ரோல் விட்டுக் கழுவி, காற்றடித்து, பம்ப்பையும் வலையையும் திறந்து பார்த்த பிறகுதான் மூடவேண்டும். ஷாஃப்ட்டில் வரிசையாக இருந்த மெல்லிய வாஷர்கள் அதே வரிசையில் திரும்பப் போகவேண்டும். கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமிருக்காது.

பழைய சாமானையெல்லாம் ஒரு கவரில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கேட்பது வண்டிக்காரரின் உரிமைதான். மூடி ஓட்ட ஆரம்பித்த பிறகு முதல் ஆயிலை மூவாயிரம் கிலோமீட்டர் வரை விட்டுவைக்காமல் சில நூறு கிலோமீட்டரிலேயே வடித்து, பழையபடி காந்தத்தை விட்டுப் பார்க்கவேண்டும். மெல்லிய தூள் கொஞ்சம் ஒட்டினால் புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகுகின்றன. துண்டாக ஏதாவது வந்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் கடைக்குத் தள்ளவேண்டியதுதான்.